தைரியம் சொல்லாதீர்கள், பதில் சொல்லுங்கள்

(மகப்பேறு குறித்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு மூன்று சிசேரியன் ஆன ஒரு பெண் மறுபடி கர்ப்பமாகிறாள். இந்த முறையாவது ஆபரேஷன் இல்லாமல் பெற்றெடுக்க முடியுமா என்று ஆசைப்படுகிறாள். ஆசை வந்த கையோடு பயமும் வருகிறது. அந்தப் பயத்தை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி லேபர் வார்டில் கழிந்தது. அங்கே ஓயாமல் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "தைரியமா இரும்மா." டாக்டர் சொல்வார், நர்ஸ் சொல்வார், மாமியார் சொல்வார், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரும் சொல்வார். இந்த வாசகத்தால் பயம் தெளிந்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. பயப்படுகிற பெண்ணின் மனசுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விக்குப் பதில் கிடைத்தால் பயம் ஓர் அளவுக்கு அடங்கும். கிடைக்காவிட்டால், வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே நடுங்குவாள். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் நம் ஊர் நிலவரம். 2019-21 காலத்தில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 21-க்குச் சற்று மேல். முதல் பிள்ளை ஆபரேஷன், அதனாலேயே இரண்டாவதும் ஆபரேஷன், கையோடு கருத்தடை: நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். மூன்றாவது கர்ப்பம் சிலருக்கே வருகிறது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர், மறுமணம் செய்தவர், கருத்தடையைத் தள்ளிப்போட்டவர், இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மனதார விரும்பியவர். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே இவர்களோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. "ரெண்டு ஆயிருச்சு, மூணாவதும் அதான்" என்று ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த ஒரு வரிக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. 1916-ல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மருத்துவர், ஒருமுறை சிசேரியன் ஆனால் பிறகு எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதினார். முதல் ஆபரேஷனை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதே அவர் நோக்கம். விதிவிலக்குகள் உண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியை நெடுக்காகக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். வலி வரும்போது இறுகிச் சுருங்குகிற தசை இருப்பது அந்தப் பகுதியில்தான். ஆகவே அடுத்த பிரசவத்தில் அந்தத் தழும்பு கிழியும் ஆபத்து அதிகம். 1920-களில் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். இன்று நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கீழ்ப்பகுதி மேல்பகுதியைப்போல ஆவேசமாகச் சுருங்காது, தழும்பும் தாங்கும். விதி பிறந்ததற்கான காரணம் போய்விட்டது, விதி மட்டும் நின்றுவிட்டது.

இனி அந்தப் பெண்ணின் பயத்துக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பயமாகத் தெரியும். உட்கார வைத்துக் கேட்டால் நாலைந்தாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

தையல் பிரிந்துவிடுமா?

மூன்றாவது கர்ப்பம், ஏழாவது மாதம் என்று ஒரு பெண் வந்தார். கூட மாமியார். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "டாக்டரம்மா, வலி வந்தா பழைய தையல் பிரிஞ்சிருமா?" பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "எதையாவது நெனச்சுப் பயந்துக்கிட்டே கெடக்குறா. ராத்திரி தூங்குறதே இல்லை."

"பழைய சீட்டெல்லாம் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, சுருண்டுபோன ஸ்கேன் படங்கள். அவற்றுக்கு நடுவே, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன இரண்டு டிஸ்சார்ஜ் சீட்டுகள். முதல் சீட்டில் எழுதியிருந்தது: பிள்ளையின் தலை மேலே, பிட்டம் கீழே, அதனால் ஆபரேஷன், கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல். இரண்டாவது சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'முந்தைய சிசேரியன்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. தன் வயிற்றில் எங்கே கீறினார்கள், எதற்காகக் கீறினார்கள் என்கிற விவரம் ஆண்டுக்கணக்காக அந்தப் பெண்ணின் பீரோவிலேயே இருந்திருக்கிறது. வாசித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தச் சீட்டுத்தான் முதல் பதில். வெளியே தோலில் தெரிகிற தழும்பைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்குத் தழும்பு இருந்து, கர்ப்பப்பையில் நெடுக்குக் கீறல் இருக்கலாம். குறைமாதத்தில் செய்த ஆபரேஷனில் இது நடப்பதுண்டு, ஏனென்றால் அப்போது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி சரியாக உருவாகியிருக்காது. ஆகவே ஆபரேஷன் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம்.

குறிப்பு கையில் இருந்தால் எண்ணைச் சொல்லலாம். ஒரு சிசேரியன் ஆனவர் இயல்பான பிரசவத்துக்கு முயலும்போது தழும்பு கிழிவது இருநூறு பேரில் ஒருவருக்கு என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2010-ல் ஒரு தொகுப்பு வந்தது. அதன்படி, முயன்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் இயல்பாகப் பெற்றார்கள். ஆயிரத்தில் 13, 14 பேருக்குத் தழும்பு கிழிந்தது. 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் அது ஆயிரத்துக்கு 9. மூன்றும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றிக் கிடைக்கும் ஆய்வுகள் சிறியவை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி முயன்றவர்கள் 89 பேர்; யாருக்கும் தழும்பு கிழியவில்லை. ஆனால் 89 பேரை வைத்து உலகத்துக்கே உத்தரவாதம் தர முடியாது. இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். நல்ல எண்ணை மட்டும் சொல்லி, சங்கடமான எண்ணை மறைத்தால் அதற்குப் பெயர் ஆலோசனை இல்லை.

இன்னொரு பயத்தை நாமே உண்டாக்குகிறோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, "தையல் மெலிஞ்சிருக்கு" என்று போகிற போக்கில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அன்றிலிருந்து அவள் குடம் தூக்கவும் இருமவும் பயப்படுகிறாள். தழும்பின் தடிமன் எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கிழியும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட எல்லை இதுவரை இல்லை. ஒரு அளவைச் சொன்னால் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இதுதான் எல்லாப் பயங்களுக்கும் அடியில் கிடப்பது. தன் உயிரைப் பற்றிக் கேட்காத பெண்ணும் இதைக் கேட்பாள். தழும்பு கிழிந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்பது உண்மை. அதற்குப் பதில் மருத்துவமனையில் இருக்கிறது: தியேட்டர் தயாராக இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் ராத்திரியிலும் இருப்பாரா, ரத்தம் கைவசம் உண்டா, குழந்தை மருத்துவர் உண்டா, பிள்ளையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்களா? இந்த ஐந்துக்கும் 'உண்டு' என்று பதில் வருகிற இடத்தில்தான் முயலலாம். தழும்பு கிழியும்போது பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது பிள்ளையின் துடிப்புத்தான். இரண்டு வலிக்கு நடுவிலும் ஓயாத வலி, தழும்பு இருக்கும் இடத்தில் வலி, ரத்தப்போக்கு, விட்டுவிட்டு வந்த வலி சட்டென்று நின்றுபோவது ஆகியவையும் அடையாளங்கள். இவற்றை அந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தால், எந்த வலிக்குக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். எல்லா வலிக்கும் நடுங்க மாட்டாள்.

வலியை மருந்து கொடுத்து வரவழைப்பதிலும் கவனம் வேண்டும். தானாக வருகிற வலியைவிட, மருந்தால் தூண்டினால் தழும்பு கிழியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. மிசோப்ரோஸ்டால் மாத்திரையை இவர்களுக்கு வைக்கவே கூடாது. முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் ஒன்றரை ஆண்டுகூட இடைவெளி இல்லையென்றாலும் ஆபத்து ஏறும்.

இங்கே தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, நாலாவது ஆபரேஷனுக்கு ஆபத்தே இல்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் இறங்கியிருக்கும் பெண்களுக்கு, அது பழைய தழும்புக்குள் வேரோடிப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் நிலை உண்டு. 2006-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சுக்கொடி அப்படி இறங்கியிருந்தவர்களில், முதல் சிசேரியனின்போது நூற்றுக்கு 3 பேருக்கு அது பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நாலாவதில் 61. அந்தப் பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். இன்னும் பிள்ளை பெற நினைக்கிற பெண்ணுக்கு ஒவ்வொரு ஆபரேஷனும் அடுத்த கர்ப்பத்தின் மேல் ஏறுகிற பாரம். இரண்டு வழியிலும் ஆபத்து உண்டு. ஒன்றை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது நியாயமல்ல.

போன தடவை மாதிரி ஆகிவிடுமா?

முதல் பிரசவத்தில் மணிக்கணக்காக வலியில் கிடந்து, கடைசியில் ஸ்ட்ரெச்சரில் அவசரமாகத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு மருந்து வாசனையே போதும், உடம்பு வியர்க்கும். இதை எண்களால் தீர்க்க முடியாது. பிரசவத்தின் மேல் வரும் கடும் அச்சத்துக்கு 2000-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர்கள் இருவர் டோகோஃபோபியா என்று பெயரிட்டு எழுதினார்கள். ஒருமுறை பட்ட அவதிக்குப் பிறகு வருவதை அதில் ஒரு வகையாகவே பிரித்தார்கள். ஸ்வீடனில் இத்தகைய பெண்களோடு பேசுவதற்கென்றே மருத்துவமனைகளில் தனிப் பிரிவு உண்டு. அங்கே பேறுகால உதவிச் செவிலியர் உட்கார்ந்து, போன பிரசவத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பார்.

நமக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. "அன்னிக்கு என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். பெரும்பாலும் நடுவில் ஓர் இடத்தில் குரல் உடையும். "ஏன் ஆபரேஷன்னு யாருமே சொல்லலை", "நான்தான் சரியா முக்கலைன்னு திட்டினாங்க" என்று வரும். பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவளால் அல்ல, பிள்ளை கிடந்த நிலையால்தான் ஆபரேஷன் ஆனது என்று சீட்டைக் காட்டி விளக்கினால் பாதி பாரம் இறங்கும். தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, கர்ப்பத்தையே வெறுக்கிற அளவுக்குப் போயிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலியைத் தாங்க முடியுமா?

இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் கேள்வி எப்படி வரும் என்று வீட்டில் சிரிப்பார்கள். நாள் குறித்துச் செய்த ஆபரேஷன் இரண்டும் என்றால் அவளுக்குப் பிரசவ வலி என்றால் என்னவென்றே தெரியாது. இந்த விஷயத்தில் அவள் தலைச்சன் பிள்ளைக்காரிதான். பயந்தால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும் என்று 1940-களில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆனால், "பயந்ததால்தான் உனக்கு வலித்தது" என்று பெண்ணையே குற்றவாளி ஆக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. வலியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வசதி உள்ள இடத்தில் முதுகில் போடும் எபிடியூரல் ஊசியை, பழைய சிசேரியன் ஆனவர்களுக்கும் போடலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, கூட இருக்கும் ஆள். 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டிய 2017-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, பிரசவம் முழுக்க ஒருவர் துணையிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று காட்டியது. நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைத் திட்டம் வந்துவிட்டது. யார் துணை இருப்பது என்பதைக் கர்ப்பிணியே முடிவு செய்யட்டும். அம்மாவா, அக்காவா, மாமியாரா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். லேபர் வார்டுக்குள் வந்து, "எங்க ஊர்ல ஒருத்திக்கு இப்படித்தான்" என்று கதை சொல்கிறவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

முயன்றும் முடியாமல் போனால்?

நூறில் 71 பேர் என்றால் மிச்சம் 29 பேரும் நம் வீட்டுப் பெண்கள்தான். வலி வந்து, பாதி வழியில் நின்று, மறுபடி தியேட்டருக்குப் போகலாம். அப்படி அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில், நாள் குறித்துச் செய்வதைவிடச் சிக்கல் கூடுதல். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்துவோம் என்பதை ஏழாம் எட்டாம் மாதத்திலேயே டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொண்டால், அன்றைக்கு ஆபரேஷன் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. அவளுடைய தோல்வி என்று யாரும் பேச இடமிருக்காது.

டாக்டர்களின் பயம் என்று ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1980-ல் தேசிய சுகாதார நிறுவனங்களே சிசேரியனுக்குப் பிறகு இயல்பான பிரசவத்தை ஆதரித்துக் கருத்துச் சொன்னபின், முன்பு சிசேரியன் ஆனவர்களில் அப்படிப் பெற்றவர்கள் ஏறி ஏறி 1996-ல் நூற்றுக்கு 28 ஆனார்கள். தழும்பு கிழிந்த செய்திகள் வந்தன, வழக்குகள் வந்தன. மருத்துவர் உடனே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1999-ல் விதி இறுகியது. பல மருத்துவமனைகள் கதவைச் சாத்திக்கொண்டன. பத்தாண்டில் அந்த எண் பத்துக்கும் கீழே இறங்கியது. நம் ஊரிலும் இரண்டு சிசேரியனுக்குப் பிறகு முயல ஒப்புக்கொள்ளும் மருத்துவர் குறைவு. ஒரு டாக்டர் 'மாட்டேன்' என்றால், அது உங்கள் உடம்பின் காரணமா, தன் மருத்துவமனையில் வசதி இல்லாத காரணமா என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டாவது காரணம் என்றால், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, வசதி உள்ள பெரிய மருத்துவமனையில் மூத்த மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு, மூத்த மருத்துவர் பார்த்துப் பேசியபின் இந்த வழியைத் தரலாம் என்றுதான் நான் சொன்ன பிரிட்டிஷ் வழிகாட்டியும் சொல்கிறது.

யாருக்குக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையில் நெடுக்குக் கீறல் இருப்பவர், முன்பு ஒருமுறை கர்ப்பப்பை கிழிந்தவர், நஞ்சுக்கொடி வாயை அடைத்திருப்பவர்: இவர்களுக்கு ஆபரேஷன்தான். வீட்டில் முயல்வது யாருக்குமே கூடாது. 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் இறந்துபோனார்.   தழும்பு உள்ளவர்களுக்கு இருக்கும் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஜவுளிக்கடைக் கவரோடு வந்தவருக்குத் தானாகவே வலி வந்தது. அக்கா துணையிருக்க இயல்பாகப் பெற்றார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அதே கேள்வியோடு இன்னொருவர் வந்தார். அவருடைய முதல் ஆபரேஷன் ஏழாம் மாதத்தில் நடந்தது. பழைய மருத்துவமனைக்கு ஆளனுப்பிக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், நெடுக்குக் கீறல். ஆபரேஷன்தான் சரி என்று காரணத்தோடு சொன்னேன். "இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா இத்தனை மாசம் குழம்பியிருக்க மாட்டேனே" என்றார். குறித்த நாளில் அமைதியாக வந்து பெற்றுக்கொண்டு போனார். வழி வேறு வேறாக இருந்தும் இருவருக்கும் பயம் அடங்கியது, ஏனென்றால் இருவருக்கும் பதில் கிடைத்தது.

ஆகவே நான் வேண்டிக்கொள்வது மூன்று. பெண்களே, பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. வீட்டாரே, அடுத்தவர் கதையை அவள் காதில் போடாதீர்கள். செக்கப்புக்குக் கூடப் போய் அவள் கேட்க மறந்த கேள்வியைக் கேளுங்கள். நாளைக்கு லேபர் வார்டுக்கு வரப்போகும் செவிலியர் கல்லூரி மாணவிகளே, 'தைரியமா இரும்மா' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அதற்குப் பதிலாக "எதை நெனச்சுப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரை அங்கேயே நில்லுங்கள்.